மெத்தனால் ஃபியூல் செல் மக்கர் பண்ணினால் எங்கே முதலில் பார்ப்பது

“அங்கிள், செல் செத்துப்போச்சு.”

சனிக்கிழமை காலையில் என் வீட்டுப் பின்கட்டுக்கு வரும் பிள்ளைகள் வாசலிலேயே சொல்வது இதுதான். கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மெத்தனால் ஃபியூல் செல், அதாவது மெத்தனால் என்ற ஆல்கஹாலிலிருந்து மின்சாரம் எடுக்கும் செல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் அறிவியல் போட்டிக்காகச் செய்துகொண்டு வருவார்கள். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த செல்களில் உண்மையிலேயே செத்தது ரொம்பக் குறைவு. பெரும்பாலானவை மூச்சு முட்டிக் கிடந்தவை.

நான் கேட்கும் முதல் கேள்வி, வோல்ட் எப்படி இறங்கியது என்பது. சுவிட்சைத் தட்டிய உடனே விழுந்ததா? ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் இறங்கியதா? ஒரு வாரமாகத் தேய்ந்துகொண்டே வந்ததா? நொடியில் விழுந்தால் இணைப்பு. நிமிடங்களில் இறங்கினால் தண்ணீர், குமிழி, காற்று. நாள்கணக்கில் தேய்ந்தால் பூச்சிலோ சவ்விலோ ஏறிய நஞ்சு. இது தெரியாமல் செல்லைப் பிரித்துவிட்டால் அப்புறம் எந்தச் சாட்சியும் மிஞ்சாது. ஆகவே பிரிக்காதீர்கள், முதலில் மீட்டரை மாட்டுங்கள்.

செல்லின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு, பெரும்பாலும் நாஃபியான் என்ற வகை. அதன் ஒரு பக்கம் பிளாட்டினமும் ருத்தேனியமும் கலந்த கறுப்புப் பூச்சு. மறுபக்கம் வெறும் பிளாட்டினம். இரண்டு பூச்சுகளோடு சேர்ந்த சவ்வைத்தான் எம்.இ.ஏ. என்கிறார்கள். ருத்தேனியப் பக்கத்தில், அதாவது ஆனோடில், மெத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கரியமில வாயுவாக மாறும்போது ஒரு மூலக்கூறுக்கு ஆறு எலக்ட்ரான்கள் வெளியேறும். புரோட்டான்கள் சவ்வைக் கடந்து காற்றுப் பக்கமான கேத்தோடுக்குப் போய், ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். கணக்குப்படி 1.2 வோல்ட் வரவேண்டும். கையில் வருவது, சுமை (விளக்கு மாதிரி மின்சாரம் இழுக்கும் பொருள்) எதுவும் இல்லாதபோது 0.6 முதல் 0.7, சுமை ஏற்றினால் 0.3 அல்லது 0.4. இதைப் பழுது என்று நினைத்து அழுத பிள்ளையும் உண்டு.

செல்லைத் தொடுவதற்கு முன் மெத்தனாலைப் பற்றி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சம்சு என்ற மலிவுச் சாராயத்தை விளக்க வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 10 மில்லிலிட்டர் உள்ளே போனாலே கண்பார்வை போகலாம். சுத்தமான மெத்தனால் 12 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊரின் 30 டிகிரி வெயிலில் சொல்லவே வேண்டாம். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் என் வீட்டில் சுத்தமான மெத்தனால் போத்தல் பூட்டிய அலமாரியில்தான் இருக்கும். பிள்ளைகள் கைக்குப் போவது நீர்த்த கரைசல் மட்டும், அதுவும் பெயர் ஒட்டிய குப்பியில். குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த ஒருவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மீட்டரில் ஒன்றுமே இல்லை

சுழியம், அல்லது 0.1-க்குக் கீழே. முதலில் வெட்கப்படாமல் மீட்டரின் ஒயரைச் சரிபாருங்கள். அடுத்து, செல் எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்று பாருங்கள். நாஃபியான் சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டானைக் கடத்தும். பள்ளி விடுமுறை முழுக்க மேசை இழுப்பறையில் கிடந்த செல்லில் மெத்தனாலை ஊற்றியவுடன் மின்சாரம் வராது. எரிபொருள் பக்கத்தில் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் பாதிச் செல்கள் எழுந்துவிடும்.

எழவில்லையென்றால் பக்கம் மாறியிருக்கலாம். ருத்தேனியம் இருக்கும் பக்கம்தான் எரிபொருளுக்கு. இரண்டும் கறுப்பாக இருப்பதால் குழப்பம் வரும். வாங்கும்போதே ஒரு மூலையைச் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மாறினாலும் கொஞ்சம் வோல்ட் வரும், சுமை ஏற்றினால் நிற்காது.

மூன்றாவது சந்தேகம் ஷார்ட். பூச்சின்மேல் இருக்கும் கார்பன் துணியின் இழை ஒன்று சவ்வைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போயிருந்தால் எலக்ட்ரான் குறுக்கு வழியில் போய்விடும். எரிபொருளை வடித்து, செல் உலர்ந்தபின் இரண்டு முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் அந்த எம்.இ.ஏ. முடிந்தது. போல்ட்டை வெறியோடு முறுக்கியவர்களுக்கு இது அதிகம் வரும்.

சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட், சுமை ஏற்றியதும் நொடியில் விழுகிறது

சுமையைக் கழற்றியதும் அதே வேகத்தில் மேலே ஏறுகிறதா? அப்படியென்றால் மின்தடை எங்கேயோ கூடியிருக்கிறது. வேதியியலுக்கு இதில் பங்கில்லை. நம் பிள்ளைகள் மின்சாரத்தைச் சேகரிக்க எவர்சில்வர் வலைதான் வைப்பார்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணமான ஆக்சைடு படலமே இங்கே எதிரி. அது மின்சாரத்தைச் சரியாக விடாது. உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் சில நாள் ஓடும், மறுபடியும் படலம் வளரும். கிராஃபைட் தாள் ஒன்றை இடையில் வைப்பது நல்லது. செலவழிக்க முடிந்தால் தங்க முலாம் பூசிய சர்க்கியூட் பலகை அதைவிட நல்லது. செம்பு வலை வேண்டாம், காரணம் கீழே வரும்.

போல்ட் முறுக்குவதை லோரி டயர் நட்டு மாதிரி செய்யுங்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கம் முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு மூலை நசுங்கும், எதிர் மூலை தொடவே தொடாது. எங்கே தொடவில்லை என்று தெரிய வேண்டுமா? எம்.இ.ஏ. இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளும் கார்பன் காகிதமும் வைத்து ஒருமுறை இறுக்கிப் பிரியுங்கள். அச்சு விழாத இடம் தொடாத இடம்.

சுமை இல்லாமலே வோல்ட் 0.4-தான், செல் வெதுவெதுப்பாக இருக்கிறது

இந்த அறிகுறி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் தொட்டாலே பதில் தெரிந்துவிடும். மெத்தனாலுக்குத் தண்ணீரோடு கூட்டு. சவ்வு தண்ணீரை விட்டால் மெத்தனாலையும் விட்டுவிடும். அப்படிக் கசிந்தது காற்றுப் பக்கத்தில் பிளாட்டினத்தின்மேல் வீணாக எரியும். மின்சாரம் போய்ச் சூடு வரும், வோல்ட் குறையும்.

பெரும்பாலும் கரைசல் கெட்டியாகிவிட்டிருக்கும். “நெறைய ஊத்துனா நெறைய கரண்டு வரும்னு நெனச்சேன் அங்கிள்.” மோட்டார் சைக்கிளிலும் அப்படி நடக்காது தம்பி. 40 மில்லிலிட்டர் மெத்தனாலை ஒரு லிட்டராக நீர்த்தால் சுமார் 1 மோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு). அங்கிருந்து தொடங்குங்கள். 2 மோலார் வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்குமேல் போனால் சாதாரண நாஃபியானில் நஷ்டம்தான். நாஃபியான் 117 என்றால் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர் தடிப்பு. கடைசி எண்ணான 7 என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பாகம் என்பதைக் குறிக்கும். 212 என்ற மெல்லிய சவ்வு 0.05 மில்லிமீட்டர்தான். ஹைட்ரஜன் செல்லுக்கு அது அருமை, மெத்தனாலுக்கோ சல்லடை. மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

1 மோலாரிலும் சூடு குறையாவிட்டால் சவ்வில் ஊசித்துளை. எரிபொருள் பக்கத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றிக் காற்றுப் பக்கம் மேலே தெரியும்படி வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் துளி துளியாக வந்தால் துளை அங்கேதான்.

நன்றாகத் தொடங்கி, பத்து இருபது நிமிடத்தில் இறங்குகிறது

நம் ஊருக்கென்றே வந்த நோய் இது. நான் பார்க்கும் செல்களில் பாதிக்குமேல் இந்த வகை. பிள்ளைகள் சந்தேகப்படுவது மெத்தனாலை. குற்றவாளி பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில் நிற்கும் தண்ணீர்.

ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், கேத்தோடில் வினையில் பிறக்கும் தண்ணீர் மூன்றில் ஒரு கிராம்தான். ஆனால் புரோட்டான் தனியாக வராது. கல்யாணத்துக்கு வரும் மாமன் மாதிரி, கூடவே இரண்டு மூன்று தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கணக்கில் மட்டும் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கிராமுக்கு மேல், அதாவது பிறந்த தண்ணீரைப்போல் ஐந்து மடங்கு. குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் இது தானாக ஆவியாகிப் போகும். பின்மதிய மழை அடித்து ஓய்ந்த சுங்கை சிப்புட்டில், துணியே உலராதபோது, செல் எப்படி உலரும்? தண்ணீர்ப் படலம் துவாரங்களை அடைக்கும், ஆக்சிஜன் உள்ளே போகாது, வோல்ட் மெதுவாக இறங்கும்.

சோதனை எளிது. ஓடும்போதே காற்றுப் பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மீட்டர் சட்டென்று ஏறினால் நோய் உறுதி. பழைய கணினியின் சின்ன விசிறியை ஒரு சாண் தூரத்தில் வைத்து மெல்லக் காற்று விடுங்கள். பலமாக விட்டால் சவ்வு காய்ந்து வேறு தொல்லை ஆரம்பிக்கும். செல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், தண்ணீர் வழிந்து கீழே இறங்கும். எம்.இ.ஏ. வாங்கும்போது காற்றுப் பக்கத்துக் கார்பன் துணி டெஃப்லான் ஏற்றியதா என்று கேளுங்கள். சேம்பு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதுபோல் அதில் உருளும்.

ஒற்றியும் ஏறவில்லையா? செல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். எரிபொருள் பக்கத்தில் குமிழிகள் கிளம்பி வோல்ட் ஏறினால், அது கரியமில வாயு. ஒரு ஆம்பியருக்கு நிமிடத்துக்கு இரண்டரை மில்லிலிட்டர் வாயு பிறக்கிறது. அது போக வழி வேண்டுமே! மூடியில் துளை இல்லாமல் இறுக்கி மூடியவர்களின் செல், வாயு அழுத்தத்தில் கரைசலைச் சவ்வு வழியாகவே தள்ளும். மூடியில் ஊசித்துளை ஒன்றும், வலையில் செங்குத்தான பள்ளங்களும் இருந்தால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் எரிபொருள் தீர்ந்திருக்கும். 20 மில்லிலிட்டர் தொட்டியில் 1 மோலார் கரைசல் என்றால் உள்ளே இருக்கும் மெத்தனால் 0.64 கிராம்தான். ஒரு ஆம்பியருக்கு மணிக்கு 0.2 கிராம் தேவை, கசிவில் கிட்டத்தட்ட அதே அளவு போகும். தொட்டி நிறைந்திருக்கிறதே என்று சொல்லாதீர்கள், இருப்பது தண்ணீர்.

நாளுக்கு நாள் தேய்கிறது

இங்கே கொஞ்சம் துப்பறிய வேண்டும். முதலில் திரும்ப வரக்கூடிய இழப்பைத் தனியே பிரித்துவிடுங்கள். மெத்தனால் உடையும்போது இடையில் கார்பன் மோனாக்சைடு பிறந்து பிளாட்டினத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றத்தான் ருத்தேனியம். அது தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொடுத்து மோனாக்சைடை எரித்து அனுப்பும். காற்றுப் பக்கத்தில் பிளாட்டினமும் மெல்ல ஆக்சைடாகும். அதற்குச் சுமையோடு ஓடும்போது காற்றுப் பக்கத்தை ஒரு தட்டையான பிளாஸ்டிக்கால் பத்து நொடி மூடித் திறங்கள். வோல்ட் சரிந்து, பின் முன்பைவிட மேலே வந்து நின்றால் இழப்பு தற்காலிகமானது. ஓர் இரவு ஓய்வு கொடுத்தாலும் இந்த மாதிரி இழப்பு ஓரளவு திரும்பும்.

திரும்பவில்லையென்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய்த் தண்ணீரில் கால்சியமும் குளோரைடும் உண்டு. உலோக அயனிகள் சவ்வில் புரோட்டான் உட்காரும் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காது. கடையில் வாங்கும் மினரல் வாட்டரும் ஆகாது, பெயரே சொல்கிறது. எவர்சில்வர் வலையின் இரும்பும் மெல்லக் கரைந்து வந்து இதையேதான் செய்யும். செம்பு இன்னும் மோசம். கரைசல் லேசாகப் பச்சையோ நீலமோ ஆனால் அந்தச் செல்லுக்காக வருத்தப்படலாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் உதவும். ஆனால் பேட்டரி தண்ணீர் வேறு, பேட்டரி ஆசிட் வேறு. போத்தலைப் படித்து வாங்குங்கள். அயனி ஏறிய சவ்வை 0.5 மோலார் கந்தக அமிலத்தில் ஊறவைத்துப் பலமுறை கழுவினால் ஓரளவு மீட்கலாம். இதை ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும்.

அடுத்தது காற்று. ஃபியூல் செல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் நகரத்து வாகனப் புகையைச் சொல்வார்கள். நம் தோட்டத்துக்கு வேறு மணங்கள். ஒரு செம்பனை ஆலையின் கழிவுக்குளத்துக்குப் பக்கத்து லயத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான். பள்ளியில் ஓடும் செல் அவன் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாளில் தொய்ந்துவிடும். அந்தக் குளங்களிலிருந்து கிளம்பும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகிய முட்டை வாசம். பிளாட்டினத்துக்குக் கந்தகத்தைப்போல் எதிரி கிடையாது, ஒட்டினால் விடாது. ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும் அப்படித்தான், அது சவ்வுக்குள் போய் நாற்காலி பிடிக்கும். அவனிடம் செல்லை வீட்டுக்குள் வைத்து, காற்று வரும் பக்கத்தில் மீன் தொட்டிக்கு விற்கும் கரித்துகள் பையைக் கட்டச் சொன்னேன். முழுசாகக் குணமாகவில்லை, ஆனால் போட்டி நாள்வரை தாங்கியது.

கசிவும் வெடிப்பும்

கசிவைத் தடுக்க ஓரத்தில் வைக்கும் கேஸ்கெட்டுக்கு எதைப் போடுவது? ரப்பர் ஊர்க்காரர்கள் வேறு எதைப் போடுவார்கள். பழைய டயர் டியூபை வெட்டிப் போட்டு வந்த செல்களை எண்ணி முடியாது. அந்த ரப்பரைக் கெட்டியாக்கியதே கந்தகம். அது கரைசலில் கொஞ்சம் இறங்கினால் பிளாட்டினம் கெடும். என் அப்பா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அவர் இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். சிலிகான் தாள் போடுங்கள்.

பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக்) பலகையில் உடல் செய்தவர்கள் போல்ட் துளையைச் சுற்றி முடி மாதிரி வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பீர்கள். இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கை ஆல்கஹால் இப்படித்தான் வெடிக்க வைக்கும். சமையலறை வெட்டுப்பலகை பிளாஸ்டிக், அதாவது பாலிஎத்திலீன், இதற்குத் தாங்கும், விலையும் குறைவு.

வரிசையாகக் கட்டினேன், ஒரு செல் எதிர்மறை காட்டுகிறது

நான்கு செல்களை வரிசையில் இணைத்தால் மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றையும் தனியாக அளங்கள். ஒன்று பலவீனமாக இருந்தால் மற்ற மூன்றும் அதன்மேல் மின்சாரத்தைத் திணிக்கும். அது மறுதிசைக்குப் புரண்டு, ஆனோடின் ருத்தேனியமும் கார்பனும் அரிக்கப்படும். கழித்தல் குறியைப் பார்த்த நொடியே சுமையைக் கழற்றுங்கள். எரிபொருள் வராத செல் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்பிரிட் ஊற்றினேன், கள்ளு ஊற்றலாமா

ஹார்ட்வேர் கடை மெத்திலேட்டட் ஸ்பிரிட் பெயரில் மெத்தனால் மாதிரி ஒலித்தாலும் உள்ளே பெரும்பகுதி எத்தனால், சாயம் வேறு. எத்தனாலில் இரண்டு கார்பன் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடியைச் சாதாரண வெப்பத்தில் பிளாட்டினத்தால் உடைக்க முடிவதில்லை. 12 எலக்ட்ரான் தரவேண்டியது, இரண்டோ நான்கோ தந்துவிட்டு அசிட்டால்டிஹைடாகவும் காடியாகவும் நின்றுவிடும். கள்ளில் அதோடு சர்க்கரையும் நொதியும் சேர்ந்து சவ்வின்மேல் பாசி மாதிரி படியும். ஒரு தாத்தா ஆசையாகக் கேட்டார், அவருக்கு இதையேதான் சொன்னேன். “அப்ப அத நானே குடிச்சிக்கிறேன்” என்று எழுந்து போய்விட்டார். நம் நாட்டில் மெத்தனாலுக்குப் பஞ்சமில்லை. லாபுவானில் இயற்கை எரிவாயுவிலிருந்து பெரிய அளவில் செய்கிறார்கள், செம்பனை எண்ணெயைப் பயோடீசலாக்கவும் அதுதான் தேவை.

கைப்பேசி சார்ஜ் ஏறவில்லை

இதில் பழுது எதுவும் இல்லை. 5 சென்டிமீட்டர் சதுரச் செல்லின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். விசிறி, சூடு எதுவுமில்லாமல் சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிவாட் எடுத்தாலே கெட்டிக்காரன். மொத்தம் 0.375 வாட். கைப்பேசி கேட்பது குறைந்தது 5 வாட். பதினான்கு செல் வேண்டும், வோல்ட்டை உயர்த்தும் சர்க்கியூட்டின் இழப்பையும் சேர்த்தால் பதினேழு பதினெட்டு. தோஷிபா 2009-இல் மெத்தனால் சார்ஜர் ஒன்றை 3,000 மட்டும் ஜப்பானில் விற்றது, அதிலும் உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி துணைக்கு இருந்தது. போட்டி மேடையில் ஒரு எல்.இ.டி. விளக்கோ சுவர்க் கடிகாரமோ போதும். கடிகாரத்துக்கு 1.5 வோல்ட், நான்கு செல் வரிசையாக. என் பின்கட்டில் தீபாவளிக்கு முன் கட்டிய ஒன்று ஓடுகிறது. வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுகிறேன், தினமும் காலையில் காற்றுப் பக்கத்தை ஒற்றிவிடுகிறேன். மழை நாளில் ஐந்து நிமிடம் பின்தங்கும்.